தோட்டத்து லயத்திலிருந்து பல்கலைக்கழக வாசல் வரை

   

தோட்டப்பள்ளி ஆசிரியர்களாகிய நாங்கள் பெற்றோர்களைச் சந்திக்கும் போதெல்லாம் ஒரு பேச்சைத் தவறாமல் கேட்கிறோம். "எங்களுக்குப் படிப்பு இல்லை, சார். பிள்ளைக்குத் தலையில் எழுதியிருந்தால் படிக்கட்டும். அதற்குமேல் எங்களுக்கு என்ன தெரியும்?" என்பதே அந்தப் பேச்சு.

இந்தப் பேச்சில் பணிவு இருக்கிறது. பிள்ளைமேல் அன்பும் இருக்கிறது. ஆனால் நம் வரலாற்றைப் புரட்டிப் பார்த்தால், அது இந்தப் பேச்சை ஒப்புக்கொள்ளவில்லை. தோட்டத்திலிருந்து உயர்கல்விக்குச் சென்ற பிள்ளைகளில் பலர் எழுதப் படிக்கத் தெரியாத பெற்றோருக்குப் பிறந்தவர்கள். அந்தப் பெற்றோர் என்ன செய்தார்கள்? எந்த இடத்தில் பிள்ளைக்குத் தோள் கொடுத்தார்கள்? எந்த இடத்தில் பல குடும்பங்கள் கைவிட நேர்ந்தது? இவற்றை வரலாற்றின் துணைகொண்டு இன்று சிறிது சிந்திப்போம்.

பத்துப் பிள்ளைகள் இருந்தால் ஒரு பள்ளி

நம் நாட்டில் தமிழ்க் கல்வி 1816ஆம் ஆண்டில் தொடங்கியது. பினாங்கு ஃபிரீ ஸ்கூலில் அந்த ஆண்டு ஒரு தமிழ் வகுப்பு நடத்தப்பட்டது. ஆனால் தோட்டத்துப் பிள்ளைகளுக்குப் பள்ளி வந்த கதை வேறு. இரப்பர்த் தோட்டங்கள் பெருகி, கங்காணிகள் மூலம் தமிழகத்திலிருந்து ஆட்கள் குடும்பம் குடும்பமாக வந்து சேர்ந்த பிறகே அந்தத் தேவை எழுந்தது. 1912ஆம் ஆண்டில் ஐக்கிய மலாய் மாநிலங்களின் தொழிலாளர் சட்டம் தோட்டங்களில் பள்ளி அமைப்பதற்கு வழி செய்தது. 1923ஆம் ஆண்டின் சட்டம் அதை மேலும் வலியுறுத்தியது. ஒரே இனத்தைச் சேர்ந்த ஏழு வயது முதல் பதினான்கு வயது வரையிலான பிள்ளைகள் பத்துப் பேரோ அதற்கு மேலோ ஒரு தோட்டத்தில் இருந்தால், அத்தோட்ட நிர்வாகம் பள்ளி ஒன்றை நடத்த வேண்டும் என்பதே அந்த விதி.

சட்டம் வந்தது, பள்ளியும் வந்தது. ஆனால் அது எப்படிப்பட்ட பள்ளி? பல தோட்டங்களில் ஆயாக்கொட்டகையின் ஒரு மூலையே பள்ளி. சில இடங்களில் கோயில் மண்டபம். பாடம் சொல்லிக் கொடுத்தவர் சில வேளைகளில் கங்காணி, சில வேளைகளில் கிராணி, சில வேளைகளில் நாலெழுத்து அறிந்த ஒரு தொழிலாளி. எல்லா வகுப்புப் பிள்ளைகளும் ஒரே கூரையின்கீழ் ஒரே ஆசிரியரிடம் படித்தார்கள். தோட்ட நிர்வாகத்திற்கு வேண்டியவர்கள் வேலையாட்களே. பால்மரம் வெட்டுவதற்கும் புல் வெட்டுவதற்கும் உயர்கல்வி எதற்கு என்ற எண்ணமே அந்நாளில் மேலோங்கி நின்றது.

இதை நாம் மனத்தில் கொள்ள வேண்டும். தோட்டப்பள்ளி உயர்கல்விக்கு முதற்படியாகக் கட்டப்பட்டதன்று. தோட்டத்தோடு முடிந்துபோகும் ஒரு படியாகவே அது கட்டப்பட்டது. அதற்கு மேல் படிகளைச் சேர்த்தவர்கள் யார் என்பதே நம் கதை.

படி முடிந்த இடத்தில் பெற்றோர்

போருக்கு முன்பும் பின்பும் தமிழ்ப்பள்ளியில் படித்த பிள்ளைக்கு மேலே செல்லத் தமிழ் இடைநிலைப்பள்ளி என்று ஒன்று இல்லை. ஏழாம் வகுப்புவரை படித்துத் தேறியவர்களுள் சிலர் தமிழ்ப்பள்ளி ஆசிரியர் ஆனார்கள். மற்றவர்கள் பிரட்டுக்களத்தில் பெயர் கொடுத்தார்கள். உயர்கல்விக்கு ஒரே வழி பட்டணத்து ஆங்கிலப்பள்ளி. அங்கே சேர்வதற்குக் கட்டணம் வேண்டும். பேருந்துக் காசு வேண்டும். சப்பாத்தும் வெள்ளைச் சட்டையும் வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, பிள்ளையைச் சிறு வயதிலேயே தமிழ்ப்பள்ளியிலிருந்து எடுத்து ஆங்கிலப்பள்ளியில் சேர்க்கும் துணிவு வேண்டும்.

இதற்கு அறியப்பட்ட ஓர் எடுத்துக்காட்டைச் சொல்லலாம். கெடா மாநிலத்தின் பீடோங்கில் 1942ஆம் ஆண்டில் பிறந்தவர் எழுத்தாளர் கே. எஸ். மணியம். அவர் முதலில் சிறிது காலம் தமிழ்ப்பள்ளியில் படித்தார். பின்னர் சுங்கைப்பட்டாணியிலுள்ள இப்ராஹிம் ஆங்கிலப்பள்ளியில் சேர்க்கப்பட்டார். இங்கிலாந்தில் பிரின்ஸ்போர்ட் லாட்ஜ் என்ற இடத்தில் மலாயா அரசாங்கம் நடத்திய ஆசிரியர் பயிற்சிக் கல்லூரிக்குச் சென்றார். பின்னாளில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் ஆங்கில இலக்கிய விரிவுரையாளராகப் பணியாற்றினார். 1981ஆம் ஆண்டில் ஆங்கிலத்தில் வெளிவந்த அவருடைய 'தி ரிட்டர்ன்' என்ற நாவல், எளிய இந்தியக் குடும்பத்துப் பையன் ஒருவன் ஆங்கிலக் கல்விக்குள் நுழைவதைப் பற்றியதே. அவருடைய தந்தையார் மருத்துவமனையில் துணி வெளுக்கும் பணியில் இருந்தவர். 2020ஆம் ஆண்டில் மறைந்த அந்த எழுத்தாளரின் வாழ்க்கைப் பாதையில், பள்ளி மாற்றிச் சேர்த்த அந்தச் சிறு வயது முடிவே பெரிய திருப்பமாக அமைந்தது. அத்தகைய முடிவைப் பிள்ளை எடுப்பதில்லை. வீட்டுப் பெரியவர்களே எடுக்கிறார்கள்.

ஆளுக்கு ஒரு வெள்ளி

நேயர்களே, பல்கலைக்கழகம் என்பது நமக்குத் தொலைவான இடம் என்று எண்ணுகிறோம். ஆனால் தோட்டத்துத் தொழிலாளியின் காசு பல்கலைக்கழகத்துக்குள் எழுபது ஆண்டுகளுக்கு முன்பே நுழைந்துவிட்டது என்பது உங்களுக்குத் தெரியுமா?

1949ஆம் ஆண்டில் மலாயாப் பல்கலைக்கழகம் சிங்கப்பூரில் நிறுவப்பட்டது. அங்கே இந்தியவியல் துறை ஒன்றை அமைக்கும் பேச்சு எழுந்தபோது, அத்துறையில் எந்த மொழிக்கு முதலிடம் என்ற கேள்வியும் எழுந்தது. வடமொழிக்கு முதலிடம் தரலாம் என்ற கருத்து முன்வைக்கப்பட்டது. இந்நாட்டு இந்தியர்களுள் மிகப் பெரும்பாலோர் பேசும் தமிழுக்கே அந்த இடம் வேண்டும் என்று தமிழ் மக்கள் குரல் எழுப்பினார்கள். 'தமிழ் முரசு' ஆசிரியர் கோ. சாரங்கபாணி அவர்கள் அந்தக் குரலுக்குத் தலைமை தாங்கினார். 'தமிழ் எங்கள் உயிர்' என்ற பெயரில் நிதி ஒன்றைத் தொடங்கி, ஆளுக்கு ஒரு வெள்ளி தாருங்கள் என்று கேட்டார். பட்டணத்து வியாபாரிகள் மட்டுமல்லாமல் உடலுழைப்புத் தொழிலாளிகளும் கொடுத்தார்கள். 1956ஆம் ஆண்டில் துறை தொடங்கியது. தமிழும் அதில் இடம்பெற்றது. திரட்டிய நிதி துறையின் நூலகத்துக்குத் தமிழ் நூல்கள் வாங்க உதவியது. 1959ஆம் ஆண்டில் அத்துறை கோலாலம்பூருக்கு வந்தது.

அன்றைக்கு ஒரு வெள்ளி என்பது நாட்கூலிக் குடும்பத்துக்குச் சிறிய தொகையன்று. அதைக் கொடுத்தவர்களுள் பலர் பல்கலைக்கழகத்தின் வாசலைக்கூட மிதித்ததில்லை. தங்கள் பிள்ளைகள் அங்கே போவார்கள் என்ற உறுதியும் அவர்களுக்கு இல்லை. ஆயினும் கொடுத்தார்கள். ஆகவே, பல்கலைக்கழகம் யாருக்கோ உரியது என்று இனி நாம் சொல்லக்கூடாது. நம் பாட்டன்மாரின் வியர்வையும் அதில் கலந்திருக்கிறது.

கதவு திறந்தது, படிகள் கூடின

1957ஆம் ஆண்டில் நாடு சுதந்திரம் பெற்றது. 1956ஆம் ஆண்டின் ரசாக் அறிக்கையும், அதைத் தொடர்ந்து 1957ஆம் ஆண்டின் கல்விச் சட்டமும் தமிழ்ப்பள்ளிகளைத் தேசியக் கல்வி முறைக்குள் கொண்டுவந்தன. அப்போது நாட்டில் எண்ணூறுக்கு மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் இருந்தன. அவற்றுள் மிகப் பல தோட்டங்களிலேயே இருந்தன. 1961ஆம் ஆண்டின் கல்விச் சட்டத்திற்குப் பிறகு, 1962 முதல் தொடக்கக்கல்வி இலவசமாயிற்று. ஆறாம் வகுப்பின் முடிவில் இடைநிலைப்பள்ளிக்குச் செல்ல எழுதவேண்டியிருந்த நுழைவுத்தேர்வு 1964ஆம் ஆண்டோடு எடுக்கப்பட்டது. 1965 முதல் எல்லாப் பிள்ளைகளும் மூன்றாம் படிவம்வரை செல்லலாம் என்ற நிலை வந்தது.

இது பெரிய மாற்றம். அதுவரை நுழைவுத்தேர்வில் தவறிய பிள்ளையின் படிப்பு பன்னிரண்டு வயதிலேயே முடிந்துபோனது. இனிமேல் அப்படி இல்லை. ஆனால் கதவு திறந்தபோது, அதற்குள் வேறு படிகள் இருப்பதை நம் குடும்பங்கள் கண்டன.

முதற்படி புகுமுக வகுப்பு. தமிழ்ப்பள்ளியிலிருந்து வந்த பிள்ளை முதலாம் படிவத்துக்கு நேரே செல்ல முடியாது. புது மொழியைக் கற்க ஓராண்டு புகுமுக வகுப்பில் இருக்கவேண்டும். அந்நாளில் இடைநிலைப்பள்ளிகளில் ஆங்கிலம் பயிற்றுமொழியாக இருந்தது. 1970ஆம் ஆண்டில் ஆங்கிலத் தொடக்கப்பள்ளிகளின் முதலாம் வகுப்பில் தொடங்கி ஆண்டுக்கு ஒரு வகுப்பாக மலாய்மொழி பயிற்றுமொழியாயிற்று. 1976ஆம் ஆண்டில் அது முதலாம் படிவத்தை எட்டியது. 1983ஆம் ஆண்டில் பல்கலைக்கழக முதலாண்டை எட்டியது. எந்த மொழியானாலும் தோட்டத்துப் பிள்ளைக்கு அது வீட்டில் கேளாத மொழி. தோட்டப்பள்ளியில் முதல் மாணவனாக இருந்தவன், பட்டணத்துப் பள்ளியில் வாய் திறவாமல் பின்வரிசையில் உட்கார்ந்தான்.

இரண்டாம் படி மூன்றாம் படிவத் தேர்வு. அதை எல்.சி.இ. என்றார்கள், 1978 முதல் எஸ்.ஆர்.பி. என்றார்கள். அதில் தவறினால் நான்காம் படிவம் இல்லை. 1993ஆம் ஆண்டில் பி.எம்.ஆர். தேர்வு வந்த பிறகே எல்லாரும் ஐந்தாம் படிவம்வரை தொடரும் வாய்ப்புக் கிட்டியது. அதற்கு முன் தோட்டத்துப் பிள்ளைகள் ஆயிரக்கணக்கானோர் பதினைந்து வயதில் இந்தப் படியில் தடுக்கி நின்றார்கள்.

அதே காலத்தில் குடும்பங்களின் நிலையும் ஆட்டங்கண்டது. 1950களிலும் 60களிலும் பல பெரிய தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்டன. குடியுரிமை இல்லாதவர்கள் வேலை செய்ய அனுமதிச் சீட்டுப் பெறவேண்டும் என்ற 1968ஆம் ஆண்டுச் சட்டத்தால், 1969 தொடங்கிப் பல தொழிலாளர் குடும்பங்கள் வேலையிழந்தன. தமிழகம் திரும்பியவர்களும் உண்டு. இரப்பருக்குப் பதில் செம்பனை நடப்பட்டது. தோட்டம் கைமாறினால் லயத்தைக் காலிசெய்ய வேண்டும். லயத்தைக் காலிசெய்தால் பிள்ளையின் பள்ளி நடு ஆண்டில் மாறும். பிள்ளை படிப்பை விட்டது சோம்பலால் என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். பல வீடுகளில் படிப்புக்கு முன்பே கூரை போய்விட்டது என்பதே உண்மை.

சிறுதுளியாய்ச் சேர்ந்த துணை

இந்த நெருக்கடியில் நம் மக்கள் வாளாவிருக்கவில்லை. தோட்டங்கள் துண்டாடப்படுவதைக் கண்ட துன் வீ. தி. சம்பந்தன் அவர்கள் 1960ஆம் ஆண்டில் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளர்கள் மாதம் பத்து வெள்ளியாகப் பங்குப்பணம் செலுத்தினார்கள். 1961ஆம் ஆண்டில் கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டம் வாங்கப்பட்டது. தொழிலாளியின் சேமிப்பே தோட்டத்தை வாங்கும் என்பதை நாடு கண்டது. பிற்காலத்தில் அச்சங்கம் உறுப்பினர்களின் பிள்ளைகளுக்குக் கல்வி உதவியும் வழங்கியது.

1982ஆம் ஆண்டில் ஸ்ரீ முருகன் நிலையம் தொடங்கப்பட்டது. மலாயாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டாக்டர் தம்பிராஜா அவர்களும் அவருடன் சேர்ந்தவர்களும் அதை உருவாக்கினார்கள். பல்கலைக்கழகத்துக்குள் நுழைந்துவிட்ட மாணவர்கள் திரும்பி வந்து, பின்னால் வரும் மாணவர்களுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தார்கள். அந்நிலையம் பிள்ளையை மட்டும் அழைக்கவில்லை. பெற்றோரையும் அழைத்து உட்காரவைத்துப் பேசியது. பிள்ளை தேர்வுக்குப் படிக்கிறது என்றால் வீடு முழுவதும் அந்தத் தேர்வுக்குத் தயாராக வேண்டும் என்ற எண்ணத்தை அது வளர்த்தது. இது நம் கல்வி வரலாற்றில் முக்கியமான பாடம் எனலாம்.

இன்றைய வழிகள்

இப்போது நிலைமை எவ்வாறு இருக்கிறது? தமிழ்ப்பள்ளிகள் ஐந்நூற்று இருபதுக்குச் சற்று மேல் இருக்கின்றன. தோட்டங்களில் நம் மக்கள் குறைந்துவிட்டார்கள். எனினும் தோட்டத்திலும், தோட்டத்தை விட்டு வந்த வீடமைப்புப் பகுதிகளிலும் பாட்டாளிக் குடும்பங்கள் இருக்கின்றன. மலாய்மொழியில் போதிய தேர்ச்சி பெற்ற பிள்ளை புகுமுக வகுப்பின்றி நேரே முதலாம் படிவம் செல்கிறது. ஆறாம் வகுப்பின் யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021ஆம் ஆண்டில் எடுக்கப்பட்டது. மூன்றாம் படிவத்தின் பி.டி.3 தேர்வு 2022ஆம் ஆண்டில் எடுக்கப்பட்டது. ஆகையால் அதன்பின் பிள்ளை முதன்முதலில் சந்திக்கும் பெரிய பொதுத்தேர்வு எஸ்.பி.எம். ஆயிற்று. பதினேழு வயதுவரை பிள்ளையின் நிலையைக் காட்டும் பெரிய தேர்வு முடிவு ஒன்றும் வீட்டுக்கு வராத நிலை அப்போது ஏற்பட்டது. எனவே பள்ளி தரும் மதிப்பீட்டு அறிக்கையை முன்னிலும் கூர்ந்து கவனிக்கவேண்டிய பொறுப்பு பெற்றோருக்கு வந்திருக்கிறது.

எஸ்.பி.எம். முடித்த பிள்ளைக்கு வழி ஒன்றல்ல. ஆறாம் படிவம் சென்று ஒன்றரை ஆண்டில் எஸ்.டி.பி.எம். எழுதலாம், இதை அரசாங்கப் பள்ளியிலேயே குறைந்த செலவில் படிக்கலாம். மெட்ரிகுலேஷன் வகுப்புக்கு விண்ணப்பிக்கலாம். 2003ஆம் ஆண்டு முதல் அதில் பூமிபுத்ரா அல்லாத மாணவருக்குப் பத்து விழுக்காடு இடம் ஒதுக்கப்பட்டது. 2024ஆம் ஆண்டில், எஸ்.பி.எம். தேர்வில் பத்து ஏ-யும் அதற்கு மேலும் பெற்ற மாணவர்களுக்கு இன வேறுபாடின்றி இடம் வழங்க அரசாங்கம் முடிவு செய்தது. கைத்தொழில் நாட்டமுள்ள பிள்ளைக்குப் போலிடெக்னிக் உண்டு. அவற்றுள் முதலாவதான உங்கு ஒமார் போலிடெக்னிக் 1969ஆம் ஆண்டிலேயே ஈப்போவில் தொடங்கப்பட்டது. தமிழை விரும்பிப் படிக்கும் பிள்ளை மலாயாப் பல்கலைக்கழகத்தின் இந்தியவியல் துறைக்கும், தஞ்சோங் மாலிமிலுள்ள சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகத்துக்கும் செல்லலாம்.

பணத்துக்கு? 1997ஆம் ஆண்டில் பி.டி.பி.டி.என். எனும் தேசிய உயர்கல்விக் கடன் நிதி உருவாக்கப்பட்டது. அது கடன், படித்து வேலைக்குச் சென்றபின் திருப்பிச் செலுத்த வேண்டும் என்பதைப் பிள்ளையும் பெற்றோரும் முன்பே அறிந்திருக்க வேண்டும். 1951ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட ஊழியர் சேமநிதியில் உங்கள் பெயரில் இருக்கும் பணத்தின் ஒரு பகுதியைப் பிள்ளையின் உயர்கல்விக்காக எடுக்கவும் வழியுண்டு.

மூட்டுகளில் கவனம்

பால் வெட்டியவர்களுக்கு ஒன்று தெரியும். காண்டாக் கம்பு ஒடிவது மேட்டில் ஏறும்போதும் ஓடையைத் தாண்டும்போதும்தான். சமதரையில் நடக்கும்போது அது ஒடிவதில்லை. பிள்ளையின் படிப்பும் அப்படியே. அது ஒரு பள்ளியிலிருந்து இன்னொரு பள்ளிக்குத் தாண்டும் இடங்களில் முறிகிறது. நாம் இதுவரை பார்த்த நூறாண்டு வரலாறும் இதையே சொல்கிறது. ஆகவே, பெற்றோரும் வளர்ப்போரும் நான்கு இடங்களில் விழிப்பாக இருக்க வேண்டுகிறோம்.

முதலாவது, பிறந்தவுடன். பிறப்புப் பத்திரமும் பின்னர் அடையாள அட்டையும் இல்லாத பிள்ளைக்குப் பள்ளியில் சேர்வது முதல் பல்கலைக்கழகக் கடன்வரை எல்லாமே சிக்கல். சுதந்திரத்தின்போது குடியுரிமைப் பதிவைச் செய்யாமல் விட்டவர்கள் பலர் சிவப்பு அட்டையோடு வாழ்நாளைக் கழித்தார்கள். அந்த வேதனை பேரப்பிள்ளைவரை நீண்ட வீடுகள் உண்டு. தாயோ தந்தையோ இல்லாத பிள்ளையைப் பாட்டி வளர்க்கிறார் என்றால், வளர்ப்பவருக்குரிய பத்திரங்களும் கையில் இருக்கட்டும். வீட்டுப் பத்திரங்கள் அனைத்தையும் ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு ஒரே இடத்தில் வையுங்கள். பதினேழு ஆண்டு கழித்து அந்த டின் பிள்ளையைக் காப்பாற்றும்.

இரண்டாவது, ஆறாம் வகுப்பிலிருந்து இடைநிலைப்பள்ளிக்குச் செல்லும் ஆண்டு. இந்த ஓராண்டில் பிள்ளை மொழியாலும் சூழலாலும் மிரண்டு போகிறது. எங்களிடம் படித்துச் சென்ற ஒரு மாணவியின் தந்தை, ஒரு நாள் சம்பளத்தை இழந்து, பட்டணத்துப் பள்ளியின் பெற்றோர் கூட்டத்துக்குச் சென்றார். செம்பனைக் குலை வெட்டுபவர் அவர். அங்கே பேசிய மலாய் அவருக்குப் பாதிதான் புரிந்தது. கடைசி நாற்காலியில் அமர்ந்திருந்து, கூட்டம் முடிந்ததும் வகுப்பாசிரியரிடம் சென்று தம் மகளின் பெயரை மட்டும் சொல்லி வணங்கினார். மறுநாளிலிருந்து அந்த ஆசிரியருக்கு அந்தப் பிள்ளை பெயரற்ற பிள்ளையாக இல்லை. "ஐயா வந்திருந்தாரே" என்று விசாரித்துப் பாடத்தில் கவனம் செலுத்தினார். பேச மொழி இல்லை என்று தயங்கும் பெற்றோரே, நீங்கள் போய் உட்கார்வதே ஒரு பேச்சுதான்.

மூன்றாவது, பதினைந்து வயது. பழைய நாளில் இந்த வயதில் தேர்வு தடுத்தது. இன்று தடுப்பது கைக்காசு. கடையில், தொழிற்சாலையில், கார் கழுவும் இடத்தில் பையனுக்கு நாள் ஒன்றுக்கு ஏதோ கிடைக்கிறது. வீட்டிலும் பணமுடை. பெண்பிள்ளையாக இருந்தால் வேறு காரணங்கள் வரும்: தம்பி தங்கையைப் பார்க்க ஆள் இல்லை, வயதுக்கு வந்துவிட்டாள், தொலைவுக்கு அனுப்ப மனமில்லை. இங்கே ஒரு கணக்கைப் போட்டுப் பாருங்கள். பதினைந்து வயதில் கிடைக்கும் கூலி ஐம்பது வயதிலும் ஏறக்குறைய அதே அளவில் நிற்கும் கூலி. அதற்காகப் பள்ளியை விடுவது, மரம் வளருமுன் பட்டையைக் காயப்படுத்துவதற்கு ஒப்பாகும். பெண்பிள்ளையை விடுதிக்கு அனுப்பத் தயங்கினால், அங்கே முன்பே படிக்கும் நம் பிள்ளை ஒருத்தியின் தாயாரைச் சென்று பாருங்கள். ஒரு தாய் சொல்வதை இன்னொரு தாய் நம்புவார்.

நான்காவது, எஸ்.பி.எம். முடிந்த சில மாதங்கள். நன்றாகத் தேறிய பிள்ளைகூட இங்கே தவறிவிடுகிறது. விண்ணப்பத் தேதி கடந்துபோகிறது. எந்தப் பாடத்துக்கு எந்தத் துறை என்று கேட்க ஆள் இல்லை. கடிதம் வந்தபோது பயணச் செலவுக்குப் பணம் இல்லை. விண்ணப்பங்கள் இப்போது இணையம்வழிச் செல்கின்றன. உங்களுக்கு அது தெரியாது என்று வருந்த வேண்டாம். பிள்ளை நான்காம் படிவத்தில் இருக்கும்போதே ஆசிரியரிடம் வாருங்கள். கோயில் கமிட்டியில் படித்த இளைஞர் இருப்பார், அவரிடம் கேளுங்கள். ஒரே வழியை நம்பாமல் இரண்டு மூன்று வழிகளுக்கு விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். முதற்பருவச் செலவுக்கு, பிள்ளை முதலாம் படிவம் ஏறிய நாளிலிருந்தே சீட்டுக் கட்டியோ வங்கியில் போட்டோ சிறிது சிறிதாகச் சேருங்கள். மாதம் பத்து வெள்ளியில் தோட்டம் வாங்கிய மக்கள் நாம்.

வீட்டுக்குள் செய்யக்கூடியது

இவற்றோடு நாள்தோறும் செய்யக்கூடிய சிறு காரியங்களும் உண்டு. ஒரு காலத்தில் பல லயங்களில் மின்விளக்கு இரவில் சில மணி நேரமே எரிந்தது. அதற்குப் பிறகு மண்ணெண்ணெய் விளக்குதான். அந்த வெளிச்சத்தில் பிள்ளை படிக்க, பக்கத்தில் தாய் எழுத்தறியாமல் விழித்திருந்தார். இன்று விளக்குக்குக் குறையில்லை, அமைதிக்குத்தான் குறை. இரவு எட்டு மணி முதல் பத்து மணிவரை தொலைக்காட்சியையும் கைத்தொலைபேசியையும் ஒதுக்கி வையுங்கள். பிள்ளைக்கென்று ஒரு மேசை, அது பலகையானாலும் சரி, ஒதுக்குங்கள். படிக்கும் நேரத்தில் கடைக்கு அனுப்பாதீர்கள். அண்டை வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிட்டுத் திட்டாதீர்கள்.

படிப்பறியாத பாட்டிமார்களுக்கு ஒரு யோசனை சொல்கிறோம். பேரனை அழைத்து, "இன்றைக்கு என்ன படித்தாய், எனக்குக் கதைபோலச் சொல்லு" என்று கேளுங்கள். உங்களுக்குப் புரியும்படி அவன் தமிழில் சொல்லவேண்டுமானால், பாடத்தை முதலில் அவன் தெளிவாகப் புரிந்துகொண்டிருக்க வேண்டும். சொல்ல முடியாமல் திணறினால், அந்தப் பாடத்தை மறுநாள் ஆசிரியரிடம் கேட்கச் சொல்லுங்கள். இதைவிடச் சிறந்த வீட்டுப்பாடச் சோதனையை நாங்கள் அறியோம்.

நேயர்களே, பத்துப் பிள்ளைகள் இருந்தால் போதும் என்று தொடங்கிய பள்ளி, இன்று மருத்துவர்களையும் பொறியியலாளர்களையும் வழக்கறிஞர்களையும் விரிவுரையாளர்களையும் உருவாக்கியிருக்கிறது. அந்தப் பள்ளிக்கும் பல்கலைக்கழகத்துக்கும் இடையே சட்டம் கட்டாமல் விட்ட படிகள் பல. அவற்றை ஒரு வெள்ளியாலும், ஒரு நாள் சம்பளத்தாலும், விழித்திருந்த இரவாலும் கட்டியவர்கள் உங்களைப் போன்ற பெற்றோர்களே. பிள்ளை தாண்டவேண்டிய ஓடை எது என்று தெரிந்துகொண்டு, அந்த இடத்தில் கையைப் பிடியுங்கள். மற்ற தூரத்தை அது தானே நடந்துவிடும்.

உங்கள் வீட்டில் இந்த ஆண்டு ஆறாம் வகுப்பிலோ நான்காம் படிவத்திலோ ஒரு பிள்ளை இருந்தால், வரும் வாரத்திலேயே பள்ளிக்கு ஒருமுறை சென்று வாருங்கள் என்று கேட்டுக்கொண்டு விடைபெறுகிறோம். வணக்கம்.